ஒரு சாமத்து மருந்தைப் பாட்டிலில் அடைத்த கதை

பெருநகரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருத்தர் சித்த மருந்து செய்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர். சின்ன ஷெட், ரெண்டு பெரிய அண்டா, ஒரு வாலை, அரைக்கிற மெஷின் ஒன்று. ஆடாதோடை மணப்பாகு, ஓமத்தீநீர், இருமலுக்கு ஒரு குடிநீர், வருஷத்தில் நாலு தடவை ஒரு அரிட்டம். பாட்டிலில் ஊற்றுவது எல்லாம் கையால்தான். புனல், ஜக்கு, ஒரு அளவுக் குவளை. அண்ணியும் பக்கத்துத் தெரு அக்கா ரெண்டு பேரும் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

போன மாதம் போன் செய்தார். சென்னையில் ஒரு டீலரிடமிருந்து கொட்டேஷன் வந்திருக்கிறது. நாலு நாசில், தானியங்கி ஃபில்லிங் மெஷின், நிமிஷத்துக்கு முப்பது பாட்டில். கூடவே யாரோ ஒருத்தர் டிராப்பர் பாட்டிலில் மூலிகை டிஞ்சர் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறாராம். "லோன் போட்டு வாங்கிடலாமா தம்பி? நீ படிச்சவன், கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்றார். எனக்கு மெஷின் தெரியாது. பழைய விஷயங்களைத் தோண்டிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தில் நான் போய்ச் சேர்ந்த இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உத்திரமேரூர் வட்டாரம் என்றதும் எல்லாரும் நேராகக் குடவோலைக் கல்வெட்டுக்குப் போய்விடுவார்கள். நான் ஆற்றோடு போனேன். பெருநகரைத் தாண்டிக் கிழக்கே ஓடும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. வேகவதியும் அங்கேயே வந்து கலக்கிறது. மூன்றும் கூடுவதால்தான் அந்தப் பெயர். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் (ஆட்சி 1063–1070) காலத்துப் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து ஒரு பாடசாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை ஆகியவை நடந்ததை அது சொல்கிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஆள் கணக்கும் அவரவர் சம்பளமும் உண்டு.

என்னைப் பிடித்து நிறுத்தியது மருந்துப் பட்டியல். வருஷம் முழுவதற்கும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக அடுக்குகிறது. வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி நெய், லசுன எண்ணெய், மண்டூர வடகம், கல்யாண லவணம்... கூடவே அளவுகளும்: படி, நாழி, பதக்கு, தூணி. அரிசிக்கும் எண்ணெய்க்கும் இருந்த அதே அளவுதான் மருந்துக்கும். இந்தப் பட்டியலில் பெரும்பாலும் லேகியம், நெய், தைலம், வடகம், உப்பு. அதாவது கெடாதவை. 'கண்டீரம்' என்று ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட இதே பெயரில் சரக சம்ஹிதையில் வீக்கத்துக்கு ஒரு அரிட்டம் உண்டு. அதுவே இது என்றால், பட்டியலில் திரவமாக ஜாடியில் நின்ற புளிப்பு மருந்து அது ஒன்றுதான். கஷாயம் இந்த இருப்புக் கணக்கில் இல்லை. இருக்கவும் முடியாது. அதை இருப்பு வைக்க முடியாதே. மூலிகை கொண்டுவர ரெண்டு ஆளை எதற்கு வைத்தார்கள் என்பதற்கு எனக்குத் தோன்றும் பதில் இதுதான்: அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டியிருந்தது.

சித்த மருத்துவம் இதை வெளிப்படையாகவே சொல்லி வைத்திருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து 32 வகை. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. சுரசம், சாறு, குடிநீர், கற்கம், உட்களி, அடை என்ற முதல் ஆறுக்கும் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம். மணப்பாகு, நெய், இளகத்துக்கு 6 மாதம். எண்ணெய், மாத்திரை, தேனூறல், தீநீருக்கு ஒரு வருஷம். செந்தூரத்துக்கு 75 வருஷம், பற்பத்துக்கு 100, சுண்ணத்துக்கு 500. பாடத்துக்குப் பாடம் எண்கள் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. நெருப்பு ஏற ஏற ஆயுள் ஏறுகிறது. ஈரம் இருக்கிற வரைக்கும் ஆயுள் குறைவு.

இப்போது அண்ணன் கையிலிருக்கும் கொட்டேஷனைப் பாருங்கள். அந்த மெஷின் நிரப்பப்போவது பட்டியலின் குறுகிய ஆயுள்காரர்களை. ஒரு சாமத்தில் சாக வேண்டிய குடிநீரை ரெண்டு வருஷம், மூணு வருஷம் என்று லேபிளில் அச்சடித்து விற்பதற்கு ஒரு மெஷின். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எப்படி இது சாத்தியமாச்சு என்பதே கதை.

*

டிஞ்சர் என்ற சொல் தமிழர் வாயில் முதலில் நுழைந்தது காயத்தில் தடவும் அயோடினாகத்தான் இருக்கும். "டிஞ்சர் போடு, எரியும்" என்று சொல்லாத தாத்தா உண்டா? ஐரோப்பிய மருந்துக்கடையில் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்: மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்துப் பிழிந்தது. சாராயம் ரெண்டு வேலை செய்கிறது. தண்ணீரில் இறங்காத பிசினையும் எண்ணெயையும் இழுக்கிறது. இழுத்ததைக் கெடாமல் வைத்துக்கொள்கிறது. நம்மிடம் இதற்குப் பக்கத்தில் இருந்தவை ரெண்டு. ஒன்று வாலையில் வடிக்கும் தீநீர். இன்னொன்று பானையில் வெல்லமும் தாதகிப்பூவும் போட்டு, சீலைமண் பூசி மூடி, தானே புளிக்கவிட்ட அரிட்டம். அரிட்டத்தில் சாராயம் தானாக ஊறுகிறது, சுமார் பன்னிரண்டு சதவீதம் வரை. அதற்கு மேல் ஈஸ்ட்டே திணறிவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த ரெண்டு உலகங்களும் சென்னையில் உரசிக்கொண்டன. ஒயிட்லா எய்ன்ஸ்லி 1813-ல் சென்னையில் வெளியிட்ட மருந்துப் பொருள் நூலில் தமிழ்ப் பெயர்களைக் கவனமாகப் பதிவு செய்தார். அவரைவிட எனக்கு நெருக்கமானவர் திருவல்லிக்கேணி டிஸ்பென்சரியில் வேலை பார்த்த மொஹிதீன் ஷெரீஃப். இந்தியாவின் மருந்துநூலுக்கு 1869-ல் இணைப்பு நூல் எழுதியவர். உள்ளூர் மூலிகைகளைத் தன் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்து, எப்படிச் செய்வது, எவ்வளவு கொடுப்பது என்று எழுதிவைத்தவர். அவருடைய மெட்ராஸ் மருந்துப் பொருள் நூல் 1891-ல் டேவிட் ஹூப்பரின் பதிப்பில் வந்தது. கடைக்காரனின் கைப்பிடி அளவும் வைத்தியரின் விரல் நுனி அளவும் அவுன்ஸ் கணக்காக மாறுவதை இவர் எழுத்தில் பார்க்கலாம். பாட்டில் வருவதற்கு முன்னால் அளவு வந்துவிட்டது.

கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய் 1892-ல் தொடங்கி 1901-ல் கம்பெனியாக்கிய பெங்கால் கெமிக்கல், உள்நாட்டு மூலிகைகளை ஆங்கில மருந்துக்கடை பாணியில் பாட்டிலாக்கியது. அதன் ஆரம்பகாலச் சரக்குகளில் ஓமத்தண்ணீர் இருந்தது. ஆடாதோடை சிரப் இருந்தது. கால்மேக் சாரம் இருந்தது. கால்மேக் வேறொன்றுமில்லை, நம்ம நிலவேம்புதான்.

சென்னையில் கே.என். கேசரி 1900-ல் தொடங்கிய கேசரி குடீரம், பெண்களுக்கான 'லோத்ரா' பாட்டிலால் பேர் வாங்கியது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளின் பின்னட்டையைப் புரட்டினால் கதையைவிட டானிக் விளம்பரம்தான் அதிகம். தபாலில் போகிற மருந்துக்குப் பாட்டில் வேண்டும், பாட்டிலுக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்குப் பெயர் வேண்டும். வைத்தியர் முகம் தெரியாத ஒருத்திக்கு மருந்து போகத் தொடங்கியது இங்கேதான். நாடி பார்க்காத மருந்து. இதை நினைத்து அன்றைக்கே சண்டை போட்டார்கள். 1921-ல் அமைக்கப்பட்டு 1923-ல் அறிக்கை தந்த உஸ்மான் கமிட்டியின் பக்கங்களிலும் சுதேச வைத்தியத்தின் தகுதி, படிப்பு, தரம் பற்றிய வாதங்கள்தான். 1944-ல் சென்னை வைத்தியர்கள் கூடி இம்ப்காப்ஸ் என்ற கூட்டுறவு மருந்தகத்தை ஆரம்பித்ததற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு உண்டு: தனித்தனியாக அண்டா வைப்பதைவிடச் சேர்ந்து வைத்தால் சரக்கும் ஒரே மாதிரி இருக்கும், விலையும் தாங்கும்.

ஆனால் அந்தக் காலத்துப் பாட்டில்கள் எல்லாம் எந்திரத்தில் நிரப்பப்பட்டவை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நிரப்பும் எந்திரத்துக்கு முன்னால் பாட்டில் செய்யும் எந்திரம் வந்தாக வேண்டும். வாயால் ஊதிச் செய்த பாட்டிலில் கழுத்து ஒன்று போல் இன்னொன்று இருக்காது, கொள்ளளவும் இருக்காது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல் தானியங்கிப் பாட்டில் எந்திரத்தைச் செய்து காட்டிய பிறகுதான் ஆயிரம் பாட்டிலும் ஒரே அச்சாக வரத் தொடங்கின. ஒரே கழுத்து இருந்தால்தான் நாசில் சரியாக இறங்கும். தமிழ்நாட்டுச் சின்ன ஊர்கள் பார்த்த முதல் ஃபில்லிங் மெஷின் அநேகமாகக் கோலி சோடாக் கடையில் கையால் சுற்றிய சக்கரம்தான். ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கோலி கழுத்தில் போய் அடைக்க வேண்டும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வைத்துத்தான் நிரப்புவார்கள். உள்ளே போகிற சரக்கு என்னவோ அதற்கேற்ற எந்திரம். இந்த விஷயத்தில் சோடாக்காரருக்கு இருந்த தெளிவு பல டீலர்களுக்கு இல்லை.

மருந்து விஷயத்தில் நடந்தது வேறு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலிப் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் ஜாடியிலிருந்து மிக்சரை ஊற்றுவார். பாட்டிலின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. லேபிளும் அதுவே, அளவும் அதுவே. அந்த மிக்சருக்கு ஆயுள் மூன்று நாள் இருந்தால் போதும், ஏனென்றால் மூன்றாம் நாள் நாம் திரும்பப் போவோம். ஒரு சாமத்துக்கும் ரெண்டு வருஷத்துக்கும் நடுவில் இப்படி ஒரு காலம் இருந்தது.

*

பாட்டில் எவ்வளவு பெரியது என்பதை யார் முடிவு செய்தார்கள்? நோயாளி இல்லை. வைத்தியரும் இல்லை. சாராயம் முடிவு செய்தது. சரியாகச் சொன்னால், சாராயத்தைப் பார்த்து அரசுக்கு வந்த பயம்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-ல் தளர்த்தப்படும் வரைக்கும் இருந்த அந்தக் காலத்தில் இஞ்சி டிஞ்சரும் பிரெஞ்சு பாலிஷும் குடித்தவர்கள் கதையை ஊர் ஊராகச் சொல்வார்கள். மருந்து என்று லேபிள் ஒட்டினால் சாராயம் மருந்தாகிவிடுமா? உச்ச நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி போனது. 1951-ல் பால்சாரா வழக்கில், பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பெருமளவு செல்லும் என்றாலும், சாராயம் கலந்த மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் வைத்திருப்பதைத் தடுக்கும் பகுதி செல்லாது என்றது நீதிமன்றம். 1955-ல் இவற்றுக்குத் தனி ஆயத்தீர்வைச் சட்டம் வந்தது. ஹோமியோபதி விதி இன்னும் நறுக்கு: 12 சதவீதத்துக்கு மேல் சாராயம் இருந்தால் சில்லறையில் 30 மில்லிக்கு மேல் பாட்டில் கூடாது, ஆஸ்பத்திரிக்கு என்றால் 100 மில்லி வரை. கடையில் நாம் பார்க்கும் அந்தக் குட்டி பாட்டிலின் உருவம் ஒரு கலால் கவலையின் உருவம்.

இதை அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப டிஞ்சர் கேட்டவருக்கு இன்னா சொல்றது?" என்றார். சாராயம் வாங்கவே தனி அனுமதி வேண்டும், அது வேறு அலுவலகம், வேறு கணக்குப் புத்தகம் என்றேன். "ஊறவச்சுப் பிழியறதுதானேன்னு நெனச்சேன்" என்றார். ஊறவைப்பது சுலபம்தான்.

சித்த மருந்து சட்டத்துக்குள் வந்த விதமும் வேடிக்கையானது. 1940-ஆம் வருஷ மருந்துச் சட்டத்தில் 1964-ல் சுதேச மருந்துகளைச் சேர்த்தபோது, ஆயுர்வேதம் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'சித்தா உட்பட' என்று போட்டார்கள். 1982 திருத்தத்தில்தான் சித்தா அடைப்புக்குறியிலிருந்து வெளியே வந்து தனிப் பெயராக நின்றது. மறு வருஷமே, 1983-ல், தமிழ்நாடு அரசு டாம்ப்கால் நிறுவனத்தைத் தொடங்கியது.

2000-ஆம் ஆண்டு வந்தது ஷெட்யூல் டி. சுதேச மருந்து செய்யும் ஒவ்வொரு ஷெட்டுக்கும் நல்ல உற்பத்தி முறை என்று இடம், தண்ணீர், ஆள், கருவி எல்லாவற்றுக்கும் கணக்கு. எந்த வகை மருந்துக்கு எத்தனை சதுர அடி, என்னென்ன கருவி என்று அதில் ஒரு நீண்ட அட்டவணை உண்டு. இதை இலக்கியமாகவே படிக்கலாம் என்பது என் கட்சி. சிரப்பும் பாட்டில் கஷாயமும் செய்கிற இடத்துக்கு 150 சதுர அடி. டிஞ்சர் பிரஸ், ஈ புகாத அமைப்பு, பாட்டில் கழுவும் மெஷின், ஃபில்டர் பிரஸ், திரவம் நிரப்பும் மெஷின், பி.பி. மூடி போடும் மெஷின். சுதேச மருந்துச் சட்டத்துக்குள் 'டிஞ்சர்' என்ற சொல் இப்படி ஒரு பிழியும் கருவியின் பெயராக வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் ஒரு வரி: அர்க், அடுத்து 'தினிர்'. நம்ம தீநீர்தான், ஆங்கில எழுத்தில் போய் உருமாறி நிற்கிறது. அதற்கு 100 சதுர அடி. ஊறல் தொட்டி, வாலை, அப்புறம் நிரப்புவதற்கு? குழாய் வைத்த ஒரு தொட்டி. அவ்வளவுதான்.

அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். "குழாய் வச்ச டிரம்மா?" என்று சிரித்தார்.

அந்த டிரம்மை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2012-ல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்கு. 2020-ல் கபசுரக் குடிநீர், 15 சரக்கு. அந்தக் குடிநீர் கொரோனாவை என்ன செய்தது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் கவனம் பாத்திரத்தில். சூரணம் பொட்டலமாக வந்தது, காய்ச்சுவது அங்கேயே நடந்தது. பஸ் ஸ்டாண்டிலும் பள்ளிக்கூடத்திலும் எவர்சில்வர் டிரம், அடியில் குழாய், பேப்பர் கப். கல்கத்தா நூறு வருஷத்துக்கு முன்னால் பாட்டிலில் அடைத்த அதே நிலவேம்பை, இங்கே அவ்வளவு பெரிய தேவை வந்தபோதும் ஒரு சாமக் கணக்கிலேயே ஊற்றினார்கள். கெடாத பாதி பொட்டலமாகப் பயணம் போனது. கெடுகிற பாதி குடிக்கிற இடத்தில் பிறந்தது. திருமுக்கூடல் கல்வெட்டின் தர்க்கமும் இதுதானே.

*

மறுபடி மெஷினுக்கு வருவோம். நான் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டவரை நாலு வகை முக்கியம். கிராவிட்டி வகையில் தொட்டி மேலே இருக்கும். வால்வு குறிப்பிட்ட நேரம் திறந்து மூடும். தீநீர் போலத் தண்ணீராக ஓடுவதற்கு அது தாராளம். ஓவர்ஃப்ளோ வகை அழகுக்கானது: பாட்டில் நிரம்பியதும் மிச்சம் தொட்டிக்கே திரும்பும், எல்லாப் பாட்டிலிலும் மட்டம் ஒரே கோட்டில் நிற்கும். கண்ணாடி பாட்டில் வரிசையாக நின்றால் பார்க்க நன்றாக இருக்கும்.   பிஸ்டன் வகை சிரிஞ்சு மாதிரி இழுத்துத் தள்ளும், மணப்பாகுக்கு அதைவிட்டால் வழியில்லை. மார்கழிக் குளிரில் பாகு இறுகினாலும் அளவு பெரிதாக மாறாது. வண்டல் இருந்தால் மட்டும் சீல் தேய்ந்துவிடும். நாலாவது, ரப்பர் குழாயை உருளைகள் பிசைந்து தள்ளும் பெரிஸ்டால்டிக். வேகம் கம்மி. மருந்து படுவது குழாயில் மட்டும் என்பதால், மருந்துக்கு ஒரு குழாய் என்று மாற்றிக்கொண்டால் ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறாது. 30 மில்லி டிராப்பர் பாட்டிலுக்கு இது பொருந்தும். சாராயம் கூடிய டிஞ்சர் என்றால் சீல் ரப்பர் உப்பிவிடாத ரகமாக இருக்க வேண்டும், மோட்டார் தீப்பொறி வெளியே விடாததாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அளவில் எவ்வளவு பிசகலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. 2011-ன் பொட்டலப் பொருள் விதிகளின்படி 100 மில்லி பாட்டிலில் 4.5 மில்லி வரை பிழை பொறுக்கப்படும்; 200 மில்லியில் 9. அண்ணி கையால் ஊற்றிய பத்துப் பாட்டிலை அளவுக் குவளையில் அளந்து பார்த்தோம். எதுவும் எல்லையைத் தாண்டவில்லை. அண்ணிக்கு அன்றைக்கு ஒரே சிரிப்பு. "மெஷினாட்டம் ஊத்தறேன்னு எழுதிக்கோங்க" என்றார். எழுதிவிட்டேன்.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டோம். அண்ணனின் ரெண்டு அண்டாவும் சேர்ந்து ஒரு நாளைக்குக் காய்ச்சி, சுண்டவைத்து, வடிகட்டிக் கொடுப்பது 60 லிட்டர். 100 மில்லியாக 600 பாட்டில். நிமிஷத்துக்கு முப்பது என்றால் மெஷின் இருபது நிமிஷத்தில் முடித்துவிடும். மிச்ச நாளெல்லாம் துணி போர்த்தி நிற்கும். லோனுக்கு வட்டி மட்டும் நிற்காது. அந்த மெஷினுக்குத் தீனி போட வேண்டுமென்றால் அண்டாவைப் பெருக்க வேண்டும். பெருக்கினால் ஆடாதோடைக்கு வேலியோரம் போதாது, மொத்த வியாபாரியிடம் காய்ந்த சரக்கு வாங்க வேண்டும். சரக்கு கூடினால் ஆயுளும் கூட வேண்டும், பென்சோயேட்டும் பாரபெனும் கூட வேண்டும். வண்டல் சீலைக் கெடுக்கும் என்பதால் கஷாயத்தை இன்னும் தெளிய வடிக்க வேண்டும். வண்டலோடு என்னென்ன போகிறது என்று யாரும் அளக்கப்போவதில்லை. "குலுக்கிக் குடிக்கவும்" என்று லேபிளில் போடுகிற வழக்கம் மட்டும் தங்கிவிடும்.

எந்த வேலைக்கு அதிக நேரம் ஆகிறது என்று கேட்டேன். அண்ணன் சொல்வதற்குள் அந்த அக்காக்களில் ஒருத்தர் சொன்னார்: "கழுவறதுதாம்பா. ஊத்தறது ஒரு வேலையா? கழுவிக் கவுத்துக் காயவச்சு எடுக்கறதுக்குள்ள இடுப்பு போயிடுது." ஷெட்யூல் டியில் நிரப்பும் மெஷினுக்கு முன்னால் பாட்டில் கழுவும் மெஷின் எழுதப்பட்டிருப்பதை அப்போதுதான் மறுபடி கவனித்தேன்.

அடுத்த நாள் அண்ணன் டீலருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்திருந்தார். நாலு நாசிலைப் பற்றி அந்தப் பக்கம் ஆரம்பித்ததும், "அது இருக்கட்டும் சார், பாட்டிலு கழுவறதுக்கு இன்னா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பார்த்துட்டுக் கூப்பிடறேன் சார்" என்று வைத்துவிட்டார். அண்ணன் எழுந்து போய் அண்டாவில் எவ்வளவு சுண்டியிருக்கிறது என்று குச்சியை விட்டுப் பார்த்தார்.